எட்டுத் தொட்டிகளின் நோன்பு

கிழங்கைக் கையில் எடுத்ததும் தேசம்மா அதன் கழுத்தைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்கிறாள். அமுங்கினால் அழுகல்; கூரைக்கு மேலே வீசிவிடுவாள். கல்லாக இருந்தால் ஒரு முறை முகர்ந்துவிட்டு மடியில் போட்டுக்கொள்வாள். முப்பது வருஷமாக மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துத் தேர்ந்த கை அது. "மூஞ்சி மினுக்குனா போதுமா? கயுத்துல கீது சமாசாரம்" என்பாள்.

சாந்தோம் குப்பத்தின் கடைசி வரிசையில் அவள் வீடு. விடிவதற்கு முன்னே கூடையைத் தலையில் ஏற்றி அடையாற்றுப் பங்களாக்களுக்குப் போய்விடுவாள். அங்கே ஒரு பங்களாவில் தோட்டக்காரர் வேம்பு, பாத்தி மாற்றும்போது கழித்துப் போடுகிற லில்லிக் கிழங்குகளை அவளுக்கென்று சாக்கில் கட்டி வைப்பார். அவள் நாலு கானாங்கெளுத்தியை இலையில் சுற்றி நீட்டுவாள். துரைசானிக்கு இந்தப் பண்டமாற்று இன்றுவரை தெரியாது.

அவளிடம் இருப்பது இரண்டே ஜாதி. சின்னக் கிழங்கை வீட்டைச் சுற்றி மணலில் புதைத்துவிட்டு மறந்துவிடுவாள். ஐப்பசி மழை விழுந்த நாலாம் நாள் வெள்ளை வெளேரென்று பூத்து நிற்கும். ஆத்துமாக்கள் திருநாளன்று குப்பத்துக் கல்லறைகளுக்கெல்லாம் அதுதான் பூ. "அதுக்குப் பண்டுவமே வாணாம். மிதிச்சாலும் எயுந்துக்கும்" என்று அதைப் பற்றிப் பேச்சை முடித்துவிடுவாள்.

பெரிய கிழங்கு விஷயம் வேறு. எட்டுத் தொட்டிகளில் எட்டுக் கிழங்கு. பங்குனி வாக்கில் தடித்த தண்டு கிளம்பி, குழாய் குழாயாகச் சிவப்புப் பூ மலரும். கோயில் பீடத்தில் தவசுகாலம் நாற்பது நாளும் பூ வைக்கமாட்டார்கள். ஆண்டவர் உயிர்த்த பாஸ்கு விடியற்காலைப் பூசைக்குத்தான் மறுபடி வைப்பார்கள். அந்த ஒரு காலைக்குப் பூக்க வேண்டும். ஒரு வாரம் முந்தினாலும் வீண், பிந்தினாலும் வீண். அதற்கு அவள் கண்ட வழி பட்டினி. மார்கழிக் கடைசியில் வரும் மூவிராசாக்கள் திருநாளோடு தண்ணீரை நிறுத்திவிடுவாள். இலை மஞ்சளாகிச் சுருண்டு விழும். பனி இறங்காத இடமாக, பக்கத்து வீட்டு ஜைதூன் பீயின் பின்கூரைக்கடியில் தொட்டிகளை வரிசையாக வைத்துவிட்டு, பாஸ்குவுக்கு ஐந்து வாரம் இருக்கும்வரை அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கமாட்டாள். பார்த்தால் மனசு இளகிவிடுமாம்.

கண்டிப்பு அவளுக்குச் செடியோடு வந்ததல்ல. மகன் மிக்கேலுக்கு விஷஜுரம் கண்டபோது, குடல் புண்ணாக இருக்கிறது, கெட்டியாக ஒரு வாய் கொடுத்தாலும் பிள்ளை போய்விடுவான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இருபத்தொரு நாள் அவன் பசி பசி என்று அழுதான். பார்க்க வந்த பெண்கள் முந்தானையில் இட்டிலியை மறைத்துக் கொண்டுவந்தார்கள். தேசம்மா வாசலிலேயே பிடுங்கிக் காக்கைக்குப் போட்டாள். பார்லித் தண்ணீரிலேயே பிள்ளையை மீட்டாள். அப்போதுதான் மாதாவுக்கு நேர்ந்துகொண்டாள்: மூன்று பாஸ்குவுக்கு, தன் கையால் வளர்த்த பூவைப் பீடத்தில் வைப்பதாக. இரண்டு நிறைவேறிவிட்டன.

மூன்றாவது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்பதாம் வருஷம். அந்த வருஷம் தவசுகாலமும் ரம்ஜானும் ஒரே வாரத்தில் பிறந்தன. தேசம்மா ஒருவேளைச் சோற்றோடு ஒருசந்தி பிடித்தாள். ஜைதூன் பீ நோன்பு வைத்தாள். நாக்கு உலர்ந்து சாயங்காலத்துக்குக் காத்திருக்கிற ஒருத்தியின் கண்ணில், கூரைக்கடியில் வாடிக் கிடந்த எட்டுத் தொட்டிகள் பட்டன. கூடை தூக்கி ஓய்ந்துபோனவள் மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று ஜைதூன் பீ நினைத்துக்கொண்டாள். பாங்கு சொன்னதும் தன் தொண்டையை நனைத்துவிட்டு, அதே செம்பால் அவற்றுக்கும் ஊற்றினாள். தேசம்மா சிலுவைப் பாதைக்குக் கோயிலில் இருக்கும் நேரம் அது. பன்னிரண்டு நாள் இப்படி நடந்தது.

பாஸ்குவுக்கு ஐந்து வாரம் இருக்கையில், ஞாயிற்றுக்கிழமை, முதல் தண்ணீரோடு வந்த தேசம்மா குடத்தைக் கீழே வைத்தாள். மண் ஈரம். எட்டுக் கிழங்கிலும் விரல் நீளத்துக்கு மொட்டுத் தண்டு.

"பீபி! யாரு இதுக்குத் தண்ணி ஊத்துனது?"

"நான்தான். வாயில்லாத ஜீவனு, பாவமா இருந்துச்சி."

"பாவமா? நீ நோம்பு வெச்சிக்கினு படுத்துங்கீறே. நடு மத்தியானத்துல உன் வாயத் தொறந்து ஒரு சொம்புத் தண்ணிய ஊத்துனா சும்மா இருப்பியா?"

ஜைதூன் பீயின் கை வாய்க்குப் போயிற்று. "யா அல்லா! அதுங்க நோம்புலயா இருந்திச்சி?"

"பின்ன? தவசுகாலத்துக்கு நடுவுல பூத்துக்கினு நின்னா எவன் பீடத்துல வைப்பான்? மாதாவுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

ஜைதூன் பீ அழுதாள். தேசம்மாவுக்கு அழுகையைப் பார்த்துக்கொண்டு நிற்கிற வழக்கம் இல்லை. உள்ளே போய் மீன் வெட்டுகிற கத்தியோடு வந்தாள். முன்னொரு வருஷம் ஆடு மேய்ந்துவிட்டுப் போன தொட்டியில், ஒரு மாதம் கழித்து இரண்டாவது தண்டு வந்ததை அவள் பார்த்திருக்கிறாள். ஒரே தொட்டி, ஒரே தடவை. எட்டிலும் வருமா என்பது அவளுக்கே தெரியாது. ஆனால் இந்தத் தண்டை விட்டுவைத்தால் கிழங்கின் பலமெல்லாம் இதற்கே போய்விடும். எட்டையும் அடியோடு அறுத்துத் தெருவில் எறிந்தாள்.

"இப்ப ஊத்து" என்றாள். "தினம் ரெண்டு சொம்பு. நீ ஆரம்பிச்ச, நீயே ஊத்து."

ஜைதூன் பீ ஊற்றினாள். மீன் கழுவிய தண்ணீரை மூக்கைப் பொத்திக்கொண்டு ஊற்றினாள். பெருநாள் வந்து போயிற்று. தொட்டிகளில் இலைதான் வந்தது. அவளுக்கு மனசு ஆறவில்லை. தவறிப்போன நோன்பைப் பிறகு ஒரு நாள் வைத்து நிறைவேற்றுவதற்குக் கஸா என்று பெயர். தன்னால் முறிந்த எட்டு நோன்புக்கும் தானே எட்டு நாள் கஸா வைப்பதாகத் தீர்மானித்தாள். ஒரு மாத நோன்பில் இளைத்த உடம்பு தேறப் பத்து நாள் ஆயிற்று. பாஸ்குவுக்கு முந்தின குருத்து ஞாயிறன்று தொடங்கினாள்.

அவள் புருஷன் தையற்காரர் அப்துல் வஹீத் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "செடிக்குக் கஸாவா? எந்தக் கிதாபுல இருக்கு?"

"உங்க கிதாபுல தேடாதீங்க. தண்ணி ஊத்துனது நானு."

"நாளைக்கு ஆட்டுக்கும் கோழிக்கும் சேத்து வெப்பியா?"

"உங்களுக்கும் சேத்து வெக்கிறேன். நீங்க விட்டது எனக்குத் தெரியாதா?"

அவர் மறுபடி கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டார்.

தேசம்மாவும் கேட்டுவிட்டுத் திட்டினாள். "பைத்தியமா நீ? செடியாண்ட போய் நோம்பு கணக்கு சொல்லிக்கினு. மயக்கம் போட்டு வியுந்தா யாரு தூக்குறது?" திட்டினாளே தவிர, தினம் சாயங்காலம் கோயிலுக்குப் போகிற வழியில் சுவர் ஓரமாக எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனாள். தொட்டியைப் பார்த்தாளா, திண்டில் சாய்ந்திருந்தவளைப் பார்த்தாளா என்று கேட்டால் பதில் வராது.

பெரிய வியாழக்கிழமை மூன்று தொட்டிகளில் மொட்டு சிவந்தது. சனிக்கிழமை மேலும் இரண்டு. மற்ற மூன்றும் இலையோடு நின்றுவிட்டன. ஐந்து தண்டு, பதினேழு பூ. பாஸ்கு விடியலில் பீடத்தின் இரு பக்கமும் அவை நின்றன. தேசம்மா முழங்காலில் இருந்து நிமிர்ந்து பார்த்துவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டாள். ஜலதோஷம் என்றாள்.

வீட்டுக்கு வந்து அடுப்பை மூட்டினாள். நாற்பது நாள் மீனே தின்ற குப்பத்தில் அன்று வீட்டுக்கு வீடு கறி மணந்தது. மிக்கேல் சட்டியைத் திறந்து பார்த்தான். வஞ்சிரக் குழம்பு.

"இன்னாம்மா இது? பாஸ்கு அன்னிக்குமா மீனு?"

"நம்ம கடைக் கறி ஹலாலு இல்ல, பீபி தொடாது. மீனுன்னா சாப்புடும்."

"அது நோம்புல கீதே. சாயங்காலம்தான சாப்புடும்?"

"ஆமா. எட்டாவது நாளு. நீ துன்னுட்டுப் போ."

அவனுக்குப் பரிமாறினாள். பிறகு இரண்டு தட்டில் சோறு போட்டு, நடுத்துண்டாகப் பார்த்து வைத்து, இரண்டையும் மூடினாள். பூனை தள்ளாமல் இருக்க, பீபியின் தட்டின் மேல் அரிசி அளக்கிற படியையும், தன் தட்டின் மேல் குழவிக்கல்லையும் தூக்கி வைத்தாள்.