தசராவுக்கு நிறுத்திய சென்சார்

புனேயின் கராடியில் ஒன்பது மாடிக் கம்பெனிக் கட்டடம் ஒன்றின் லிப்டுகளுக்குப் பொறுப்பு வைஜயந்தி. சாங்வியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். லைசென்ஸ், வருஷாந்தர சோதனை, மெக்கானிக் வந்துபோன பதிவு எல்லாம் அவளுக்கு அத்துப்படி. பதினாறு வருஷத்தில் எந்த இன்ஸ்பெக்டரும் அவளிடம் ஒரு குறை கண்டதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருக்கட்டுமே, உழைத்து வந்த கர்வம்தானே.

தசரா வந்தால் புனேயில் இயந்திரம் என்று பேர் உள்ள எல்லாவற்றுக்கும் மாலை விழும். லிப்ட் வாசலிலும் செண்டுமல்லித் தோரணம் கட்டினார்கள். தொங்கிய சரம் கதவுக்கு நடுவே ஆட, ஆள் நிற்கிறது என்று கதவு மூடுவதும் திறப்பதுமாக மக்கர் பண்ணியது. குறுக்கே எது வந்தாலும் கதவைத் திறக்கிற சென்சாருக்குப் பூஜையைப் பற்றி என்ன தெரியும்? பெரிய அதிகாரிகள் ஆரத்திக்கு வந்து நின்றுவிட்டார்கள். "சென்சாரை இப்போதைக்கு நிறுத்திடு, மாதவ்" என்று மெக்கானிக்கிடம் சொன்னது வைஜயந்திதான். பூஜை முடிந்தது. பேடா சாப்பிட்டார்கள். சென்சாரை மறந்துபோனார்கள்.

நான்காம் நாள், துப்புரவு வேலை பார்க்கும் ஷீலா மூடுகிற கதவுக்குள் கையை நீட்டினாள். எப்போதும் திறக்கிற கதவு அன்று திறக்கவில்லை. சிக்கிய கையைப் பிடுங்கி இழுத்ததில் கீழே விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. யாரும் கேட்பதற்குள் மாதவ் சென்சாரைத் திரும்பப் போட்டுவிட்டான். இன்ஸ்பெக்டர் வந்து பார்க்கும்வரை லிப்டை ஓட்டக் கூடாது என்றாகிவிட்டது. 'என் கவனக்குறைவுதான்' என்று ஷீலாவிடம் மேனேஜர் இடதுகைக் கையெழுத்தும் வாங்கிவிட்டார்.

வைஜயந்தி ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஷீலா மராத்தியில் சொன்னாள்: "என்னால லிப்ட் நின்னுபோச்சு. உங்களுக்குத்தான் கெட்ட பேரு. மன்னிச்சிடுங்க, மேடம்."

வைஜயந்தி வாங்கிப்போன மோசம்பிப் பழங்களை வைத்துவிட்டு வெளியே வந்தாள். அவமானத்தில் உடம்பு கூசியது.

"அவளே கையெழுத்துப் போட்டாச்சு. நீ ஏன் வாயைக் குடுத்து மாட்டிக்கறே?" என்றான் கணவன் ராம்பிரசாத். அவன் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தாள்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் வந்தார். கதவு ஒழுங்காகத் திறந்து மூடியது. அவர் ஷீலாவின் வாக்குமூலத்தைப் படித்துவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

"சார், தசராவன்னிக்கு சென்சாரை நிறுத்தச் சொன்னது நான். திரும்பப் போடச் சொல்ல மறந்ததும் நான்தான். அவ மேல ஒரு தப்பும் இல்லை."

மேனேஜர் முகம் கறுத்தது. இன்ஸ்பெக்டர் திட்டவில்லை. புதுத்தாளில் வைஜயந்தியின் பெயரை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். சாயங்காலமே அடையாள அட்டையைப் பிடுங்கிக்கொண்டு அவளை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள்.

அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். ஷீலா நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டாள்.

"அப்போ என் தப்பு இல்லையா?"

"இல்லை."

"என் வீட்டுக்காரர் அன்னியிலேர்ந்து என்னைத் திட்டிக்கிட்டே இருக்கார். அவர்கிட்டயும் இதைச் சொல்லுவீங்களா?"

வைஜயந்தி ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அவன் வரும்வரை உட்கார்ந்திருந்தாள்.