ஒரு கிணறும் பல நாட்டுக் கக்கூஸ்களும்

மற்றவர்கள் தங்கள் தொழிலைப் பற்றிச் சாப்பாட்டு நேரத்திலும் கதைக்கலாம். எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஊர் ஊராகப் போய் மலசலகூடம் கட்டச் சொல்வது என் வேலை. இதே வேலையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு மிச்சத்தைப் படிக்காமலே விளங்கும்.

சுவீடன் படம்

பூநகரிப் பக்கத்தில் ஒரு குடியேற்றம். எங்கே தோண்டினாலும் உவர். செல்வமலர் அக்காவின் கிணறு மட்டும் நல்ல தண்ணீர். ஏழு வீடுகள் அதில்தான் குடித்தன. மணல் நிலம் என்பதால் அவருடைய வீட்டு வளவில் வழக்கம்போலக் கக்கூஸ் குழி வெட்டினால் கழிவு நேரே கிணற்றுக்குத்தான் போகும்.

ஆகவே நிலத்துக்கு மேலே கட்டும் உலர் மலசலகூடத்தைச் சொன்னேன். தண்ணீர் ஊற்றக்கூடாது, சாம்பல் தூவினால் போதும். கழிவு விழ அடியில் இரண்டு அறைகள்; நிரம்பியதை ஒரு வருடம் மூடிவைத்தால் எருவாகிவிடும். சுவீடனில் எடுத்த படங்களைப் பெருமையோடு காட்டினேன். அக்கா பொறுமையாகப் பார்த்து முடித்துவிட்டுச் சொன்னார்:

“அவை கடதாசியால துடைக்கிற ஆக்கள், தம்பி. நாங்கள் கழுவுறனாங்கள். இதில எங்க கழுவுறது?”

விருந்தாளி

அடுத்த கிழமை, கழுவுகிற நாடான இந்தியாவின் படங்களோடு போனேன். அந்த மாதிரியில் கழுவுவதற்குத் தனி இடம், அந்தத் தண்ணீர் வாழைக்குப் போகும். அக்கா சம்மதித்தார், கட்டினோம்.

மூன்று மாதம் கழித்து வெளிநாட்டு நிபுணர் ஒருவர் பார்க்க வந்தார். கதவைத் திறந்தால் உள்ளே ஒரே பளபளப்பு, பினைல் வாசம். அக்காவின் கணவர் தவராசா அண்ணை விடியவே எழும்பி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றித் தேய்த்திருக்கிறார். மூன்று மாதச் சாம்பலும் கூழாகிவிட்டது. நல்ல காலம், அடி சீமெந்து; கிணறு தப்பியது. எனக்கு வந்த கோபம், கையில் வாளியோடு பாராட்டுக்காக நின்ற அந்த முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது. அவர் சொன்னார்:

“வெளியில இருந்து ஆக்கள் வருகினம். ஊத்தையா வைச்சிருந்தா எங்கட மரியாதை என்னாகும்?”

பழத்தட்டு

உமியும் சாம்பலும் கொட்டி அந்த அறையை மீட்க எனக்கும் அண்ணைக்கும் இரண்டு நாள் பிடித்தது. பிறகு அது நிரம்பி, மூடி, ஒரு வருடம் கழித்துத் திறந்தபோது உள்ளே கருமண்தான் இருந்தது. அக்கா அதை வாழைக்குப் போட்டார்.

அந்த வாழை குலை தள்ளிப் பழுத்த நேரம், கிணற்றுத் தண்ணீரின் பரிசோதனை முடிவோடு போனேன். தண்ணீர் சுத்தம்; கழிவு ஒரு துளியும் கிணற்றுக்குப் போகவில்லை. அக்கா தந்த செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தேன். அடுத்து ஒரு தட்டு நிறைய வாழைப்பழம் வந்தது. ஒவ்வொரு கூட்டத்திலும் “அது வெறும் எரு” என்று முழங்கிய என் கை தட்டுப் பக்கம் போகவில்லை. அக்கா சிரித்தார்:

“தண்ணியை மடமடவெண்டு குடிச்சியள், பழத்துக்கு மட்டும் யோசிக்கிறியள். ரெண்டும் அந்தக் கக்கூஸ் தந்ததுதானே, தம்பி!”

எத்தனையோ நாட்டுப் படங்களைக் காட்டி ஊரை நம்பவைத்த நான், கடைசி ஆளாக நம்பினேன், அதுவும் தோலைக் கவனமாக உரித்த பிறகு.