கட்டுத்துணிக்குள் காப்பு

புஷ்பாவின் பயம் காலையில் அவளோடுதான் எழும். அவளோடு தலை சீவிக்கொண்டு, அவளோடு வேலைக்குக் கிளம்பும். மலேசியாவில் கோலசிலாங்கூரைத் தாண்டி, எண்ணெய்க்காக வளர்க்கிற செம்பனைக் காட்டு நடுவே இருக்கும் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில், விடுதி அலுவலக உதவியாளர் வேலை அவளுக்கு. அறைச் சாவி, குழாய் ஒழுகுகிற புகார், முதலுதவிப் பெட்டி எல்லாம் அவள் பொறுப்பு. ஒப்பந்த வேலைதான், வருஷா வருஷம் புதுப்பிப்பார்கள். புதுப்பிக்கிற மாதம் நெருங்கினால் போதும், எதைக் கண்டாலும் பயம். முதல்வர் அவளைப் பார்த்துச் சிரித்தால் ஏன் சிரித்தார் என்று பயம். சிரிக்காமல் போனால் ஏன் சிரிக்கவில்லை என்று பயம். இப்படியே பல வருஷத்தை ஓட்டிவிட்டாள் என்றால் பாருங்களேன்!

சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. அவள் அண்ணன் செல்வா இளவட்டமாக இருந்தபோது ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தான். ஒரு நாள் அங்கே ஏதோ பொருள் காணாமல் போனது. கையில் சாமிக் கயிறு கட்டியிருந்த பையன்களை மட்டும் தனியே பிரித்து வெயிலில் நிற்க வைத்தார்கள். செல்வா அதில் ஒருவன். பொருள் சாயங்காலமே ஸ்டோரில் கிடைத்துவிட்டது, மன்னிப்பும் கேட்டார்களாம். வீட்டுக்கு வந்த செல்வா கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்து அடுப்பில் போட்டான். அதற்குப் பிறகு அவன் கோயில் வாசலை மிதித்ததில்லை. இப்போது லோரி ஓட்டுகிறான். திருவிழா வந்தால் வேண்டுமென்றே தூரத்துச் சவாரியாகப் பார்த்து எடுத்துக்கொள்வான். கயிற்றைக் கண்டால் நம் பிள்ளைகளை நிற்க வைத்துவிடுவார்கள் என்பது அன்றைக்குப் புஷ்பாவின் மண்டையில் ஏறியதுதான், இன்னும் இறங்கவில்லை.

இந்த வருஷம் கல்லூரிக்கு வெளியே, கார் நிறுத்துகிற இடத்தில் ஒரு அடிதடி நடந்தது. அடித்துக்கொண்டவர்கள் யாரோ வெளியாட்கள். ஆனால் கைப்பேசிகளில் சுற்றிய படத்தில் ஒருத்தன் மணிக்கட்டில் கயிறு தெரிந்தது. போதாதா? மறு வாரமே உத்தரவு வந்துவிட்டது. கயிறு, வளையம், சங்கிலி எதுவும் மாணவர் கையில் இருக்கக்கூடாது, இருந்தால் குண்டர் கும்பல் அடையாளமாகக் கருதப்படும். உத்தரவில் எந்த இனத்தின் பெயரும் கிடையாது. பார்க்கிறவர்கள் குற்றம் சொல்ல முடியாது. கூத்தெல்லாம் கல்லூரி கேட்டில்தான். சீனப் பையன் பச்சைக்கல் வளையத்தோடு போவான், கேட்க ஆளில்லை. நம் பையன் வந்தால் மட்டும், "கையைக் காட்டு!"

இதில் கொடுமை என்னவென்றால், ஒழுங்குப் பிரிவுத் தலைவர் தனபாலன் நம்ம ஆள்தான். நம் பிள்ளைகளை நாமே இறுக்கிப் பிடிக்காவிட்டால், இனத்துக்குச் சலுகை காட்டுகிறான் என்று பேச்சு வந்துவிடுமாம். அதனால் மற்றவர்களுக்கு ஒரு முழம் என்றால் நம் பையன்களுக்கு அவர் இரண்டு முழம் இறுக்குவார். கல்லூரிக்குள் தமிழில் வாயே திறக்கமாட்டார்; புஷ்பாவிடம்கூட மலாய்தான். அந்தக் கேட்டுக்குப் பக்கத்துச் சுவரிலேயே ஒற்றுமை வாரத்துப் பெரிய படம் ஒன்று தொங்கியது. மூன்று கைகள் கோத்துக்கொண்டிருக்கும் படம். ஒற்றுமை வாரக் குழுவில் புஷ்பாவும் உறுப்பினர். இந்தியர் ஒருவர் வேண்டுமே என்று சேர்த்துக்கொண்டார்கள், முறுக்குக்குச் சொல்லிவிடுகிற வேலையைக் கொடுத்தார்கள். அவளும் வாய் திறக்காமல் முறுக்குக்குச் சொல்லிவிட்டு வந்தாள்.

இந்த நேரம் பார்த்துத்தானா புஷ்பா குடியிருக்கிற தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தீமிதிக்குக் காப்புக் கட்ட வேண்டும்! மஞ்சள் துண்டை முடிந்த கயிறு அது. ஒரு தடவை கையில் ஏறிவிட்டால், தீ மிதித்து முடிந்து பூசாரியே வந்து அவிழ்க்கிற வரைக்கும் தொடக்கூடாது. நடுவில் அறுத்தால் ஆத்தா சும்மா விடமாட்டாள் என்பது அந்தத் தோட்டத்துச் சனங்களுக்குத் தாய்ப்பாலோடு வந்த பயம்.

காப்புக் கட்டிய மறுநாள் சரண் விடுதி அலுவலகத்துக்கு ஓடி வந்தான். மின்சாரப் பிரிவில் இரண்டாம் வருஷம் படிக்கிறவன். அதே கோயில், அதே தோட்டம். கோத்த கைகள் படத்தில் இருக்கிற கறுத்த கை இவனுடையதுதான்.

"அக்கா, கயித்த அறுத்துட்டுத்தான் நாளைக்கு உள்ள வரணுமாம். நான் அறுக்கமாட்டேன்க்கா. அம்மா நெஞ்ச தொறந்து ஆபரேசன் செஞ்சி இப்பதான் எந்திரிச்சி நடக்கறாங்க. அவங்களுக்குத்தான் வேண்டிக்கிட்டேன்."

"மெதுவா பேசு லா! மொதல்ல கதவ சாத்து." வெயிலில் நின்ற செல்வா புஷ்பாவின் கண்ணுக்குள் வந்துவிட்டான். அறுக்கச் சொல்லவும் வாய் வரவில்லை, அறுக்காதே என்று சொல்லவும் தைரியமில்லை. முதலுதவிப் பெட்டியைத் திறந்து, கட்டுத்துணியை எடுத்து, அவன் வலது மணிக்கட்டைச் சுற்றிக் காப்பு தெரியாமல் கட்டினாள்.

"யாராச்சும் கேட்டா பாத்ரூம்ல விழுந்துட்டேன், சுளுக்குன்னு சொல்லு."

"பொய் சொல்லணுமாக்கா?"

"பொய் இல்லடா. இது... மருந்துன்னு வச்சிக்க."

அதோடு விட்டிருக்கலாம். விஷயம் கசிந்து, காப்புக் கட்டிய மற்றப் பையன்களும் ஒவ்வொருத்தனாகக் கதவைத் தட்டினார்கள். புஷ்பா எல்லாருக்கும் கட்டிவிட்டாள். ஒரே வாரத்தில் இந்தியப் பையன்களுக்கு மட்டும், அதுவும் அத்தனை பேருக்கும் வலது மணிக்கட்டிலேயே சுளுக்கு! இதைக் கண்டுபிடிக்கத் தனபாலன் வேண்டுமா என்ன? கேட்டில் நிற்கிற பூனைகூடக் கண்டுபிடித்துவிடும். பயத்தில் இருக்கிறவர்களுக்கு அது மட்டும் தெரிவதில்லை.

சரண்தான் முதலில் மாட்டினான். எல்லார் முன்னாலும் கட்டை அவிழ்க்கச் சொன்னார்கள். மஞ்சள் கயிறு வெளியே வந்தது. "சாமிக் கயிறு என்றால் எதற்கு மறைத்தாய்? தப்பு இல்லாதவன் மறைப்பானா?" என்று தனபாலன் மலாயில் கேட்டார். சரண் திருதிருவென்று முழித்தான். கட்டிவிட்டது யார் என்று கேட்டதற்கும் வாய் திறக்கவில்லை. உத்தரவை மீறினான், பொய் சொன்னான், உடந்தையாக இருந்தவரைக் காட்டிக்கொடுக்க மறுக்கிறான் என்று மூன்று குற்றம் சேர்ந்தது. திங்கட்கிழமை விசாரணை என்றார்கள், கல்லூரியை விட்டே நீக்கிவிடுவார்கள் என்று பேச்சு அடிபட்டது.

அவன் சொல்லிவிடுவானோ என்று புஷ்பா ஒரு நிமிஷம் பயந்தாள். அவன் சொல்லமாட்டான் என்று தெரிந்ததும் அதைவிட அதிகமாகப் பயந்தாள். அவன் அம்மா மகனை நம்பி ஆபரேசனிலிருந்து எழுந்து நடக்கிறாள், இந்தப் பையனோ புஷ்பாவைக் காட்டிக்கொடுக்காமல் படிப்பை இழக்கப் போகிறான். செல்வாவை நிற்க வைத்தது யாரோ. சரணை நிற்க வைத்தது தன் கை கட்டிய துணி அல்லவா! சோறு இறங்கவில்லை. எதிர்ச் சுவரில் பல்லி சத்தமிட்டாலும் திடுக்கென்றது.

அதே அலுவலகத்தில் வேலை பார்க்கிற மலாய்க்கார அக்கா காக் மிடா அவள் முகத்தைப் பார்த்ததுமே பிடித்துவிட்டாள். "அலாமாக் புஷ்பா, பேயறைஞ்ச மாதிரி இருக்கியே!" என்று மலாயில் ஆரம்பித்தவள், புஷ்பா அழுதுகொண்டே சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள்: "என் மகனும் இங்கதான் படிக்கிறான். கையில கறுப்பா ஒரு கடல்வேர் வளையம், உடம்புக்கு நல்லதுன்னு போட்டிருக்கான். இதே கேட்டுலதான் தினமும் போறான். ஒருத்தரும் நிறுத்தினதில்ல. திங்கட்கிழமை போய் இதைச் சொல்லு. என் பேரச் சொல்லியே சொல்லு."

"காக், உங்க மகனுக்கு ஏதாச்சும் ஆயிட்டா?"

"ஆனா ஆகட்டும். எல்லாருக்கும் ஒரே உத்தரவுன்னா அவன் கையையும் பாக்கட்டுமே."

திங்கட்கிழமை காலை புஷ்பா நீளக் கை வைத்த மலாய் உடுப்பு, பாஜு கூரோங், போட்டுக்கொண்டு போனாள். விசாரணை அறையில் நீள மேசை. ஒரு பக்கம் முதல்வர் அம்மாள் புவான் ரொஹானா, பக்கத்தில் தனபாலன். எதிரே சரண் தனியாக நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான். அழைக்காமல் உள்ளே நுழைந்த புஷ்பாவை எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். யாரும் நிமிர்ந்து பார்க்கக்கூடாது என்றுதான் அவள் இத்தனை வருஷம் இந்தக் கல்லூரிக்குள் சுவரோரமாக நடந்தாள்.

"அந்தக் கட்டு நான் போட்டது" என்றாள் மலாயில். "பையன் கேக்கல. நான்தான் மறைக்கச் சொன்னேன். பொய் சொல்லிக் குடுத்ததும் நான்தான்."

தனபாலன் பேனாவைக் கீழே வைத்தார். கேட்டில் யார் கையைப் பார்க்கிறார்கள், யார் கையைப் பார்ப்பதில்லை என்பதையும், காக் மிடாவின் மகனையும், சீனப் பையனின் வளையத்தையும் புஷ்பா தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தாள்.

"சரி, புஷ்பா" என்றார் முதல்வர். குரலில் கோபமா தயவா என்று தெரியவில்லை. "மறைப்பது தப்பு என்று தெரிந்தும் ஏன் மறைக்கச் சொன்னீர்கள்?"

புஷ்பா இடது கைச் சட்டையின் விளிம்பில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினாள். நீளக் கையை மேலே மடித்தாள். மணிக்கட்டில் மஞ்சள் துண்டு முடிந்த காப்பு, சரண் கையில் இருப்பது போலவே. ஒவ்வொரு வருஷமும் இதே ஊக்குக்குப் பின்னால்தான் இருந்திருக்கிறது. சரண் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். எல்லாரும் போன பிறகுதான் அவள் பூசாரியிடம் கட்டிக்கொள்வாள், அதனால் அவனுக்குக்கூட இது தெரியாது.

"நானும் மறைச்சிக்கிட்டுத்தான் இருந்தேன் புவான். எனக்குத் தெரிஞ்ச வழி இது ஒண்ணுதான்."

முதல்வர் அந்தக் கையையே பார்த்தார். "நீங்கள் என்ன வேண்டிக்கொண்டு கட்டினீர்கள்?"

புஷ்பா தலையைக் குனிந்துகொண்டாள். பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதே வெட்கமாக இருந்தது.

"இங்க என் வேல நிரந்தரமாகணும்னு."

முதல்வர் முன்னால் இருந்த கோப்பை மூடிவிட்டுச் சரணை வகுப்புக்குப் போகச் சொன்னார். உத்தரவைத் திருத்தி எழுதுகிற வரைக்கும் கேட்டில் யார் கையையும் பார்க்கவேண்டாம் என்று தனபாலனிடம் சொன்னார். "உங்கள் விஷயத்தைத் தனியாகப் பேசவேண்டும், புஷ்பா. நிர்வாகத்துக்குத் தெரியப்படுத்தாமல் என்னால் இருக்க முடியாது" என்றார். அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. தனபாலன். ஓடிவிடலாமா என்று இருந்தது அவளுக்கு. அவர் பக்கத்தில் வந்து, யாராவது இருக்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, இந்தக் கல்லூரிக்குள் முதல் தடவையாக அவளிடம் தமிழில் பேசினார்.

"ஏம்மா, இத மொதல்லயே எங்கிட்ட வந்து சொல்லியிருக்கக்கூடாதா?"

"பயமா இருந்திச்சி சார்."

"நிர்வாகத்துக்கா?"

"இல்ல சார். உங்களுக்குத்தான்."

தனபாலன் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்றார். புஷ்பா சட்டைக் கையை இறக்கி ஊக்கைக் குத்தப் பார்த்தாள். ஊக்கு துணியில் நிற்கவே மாட்டேன் என்றது. இரண்டு மூன்று தடவை முயன்றுவிட்டு, சரி கிடக்கட்டும் என்று அதைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, கையை மறுபடி மேலே மடித்து விட்டபடியே விடுதிப் பக்கம் நடந்தாள்.