முடிவுரையை முதலில் எழுதியவர்கள்

எந்தப் புத்தகத்தையும் கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டுவது பாமாவின் வழக்கம். தொலைதூரக் கல்வியில் சமூகவியல் பட்டம் முடிக்க ஓர் ஆய்வுக் கட்டுரை மட்டும் பாக்கி. ஐதராபாத்தின் லிங்கம்பள்ளி கல்வி மையத்து அலமாரியில் பழைய மாணவர்களின் கட்டுரைகள் கிடந்தன. அவற்றையும் அவள் அப்படித்தான் புரட்டினாள். டெங்கு பற்றிய கட்டுரை, ‘மக்களிடையே விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்’ என்று முடிந்திருந்தது. வரதட்சணையும் அப்படியே. பிளாஸ்டிக் பை, குழந்தைத் தொழிலாளர், மூசி ஆறு, எல்லாமே அந்த ஒரு வரியில் போய்ப் படுத்துக்கொண்டன. வேறு வேறு தெருவிலிருந்து கிளம்பியவர்கள் எப்படி ஒரே கிணற்றில் விழுந்தார்கள் என்று அவளுக்கு வியப்பாக இருந்தது.

விருதுநகர்ப் பக்கத்துக்காரி. கணவன் சங்கரின் வேலையை ஒட்டி ஐதராபாத் வந்து, பட்டான்செருவில் ஒரு மாத்திரைத் தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் சேர்ந்து, லைன் சூப்பர்வைசர் ஆனவள். பட்டம் கிடைத்தால் அடுத்து ஆபீசர் பதவிக்கு விண்ணப்பிக்கலாம். இந்த ஆண்டு கட்டுரை கொடுக்காவிட்டால் பதிவு காலாவதியாகி, படித்த படிப்பெல்லாம் வீணாகும்.

வழிகாட்டி வெங்கட்ரமணன் எல்லா மாணவர்களுக்கும் கொடுக்கும் தாளை அவளுக்கும் கொடுத்தார். தலைப்பு, சினாப்சிஸ் என்ற ஆய்வுச் சுருக்கம், தகவல் திரட்டல், முதல் வரைவு, திருத்தம், அச்சு என்று ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் அடுத்ததற்கு ஓர் அம்பு கீழே இறங்கியது.

பாமாவுக்குத் தலைப்புத் தேட வேண்டியிருக்கவில்லை. அவள் லைனில் பெண்கள் தண்ணீரே குடிப்பதில்லை. நீர்க்கடுப்பு என்று யாராவது அடிக்கடி லீவு எடுப்பார்கள். ஏன் இப்படி? வெங்கட்ரமணன் அதைச் செப்பனிட்டார்: ‘பெண் தொழிலாளர்களிடையே குடிநீர் குறித்த விழிப்புணர்வு: ஓர் ஆய்வு.’ விழிப்புணர்வு குறைவு என்பதே எதிர்பார்க்கும் முடிவு என்று சினாப்சிஸில் எழுதி, ஒப்புதலும் வாங்கிக் கொடுத்தார்.

பாமாவும் சுறுசுறுப்பாக முன்னுரை, அத்தியாயங்கள், முடிவுரை எல்லாம் எழுதிவிட்டாள். எண்கள் வர வேண்டிய இடங்கள் மட்டும் காலியாக இருந்தன.

சங்கர் படித்துப் பார்த்தான். “ஆளுகளக் கேக்காமலே எழுதிட்டியா? அப்ப பேசாம ஜோசியம் பாக்கப் போயிரு.”

சுருக்கென்றது. மறுநாளே கேள்வித்தாளோடு கேண்டீனில் சுமலதாவின் எதிரில் உட்கார்ந்தாள். சுமலதா செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க்காரி. லைனில் வாய் நீளமானவள், பேச்சில் ஐதராபாத் இந்தி கலந்து வரும்.

“தண்ணி குடிக்காட்டி ஒடம்புக்கு என்ன ஆவும்னு தெரியுமா?”

“ஹவ், தெரியும். எரியும். கல்லு வரும். டாக்டரம்மா திட்டும்.”

“பெறகு ஏன் குடிக்க மாட்டேங்க?”

“குடிச்சா போவணும்ல?”

“போக வேண்டியதுதான?”

சுமலதா பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தாள். “கைக்கு அக்கா, ஏன் தெரியாத மாதிரி கேக்குறீங்க? கவுனு, தொப்பி, கால் உறை எல்லாம் கழட்டணும். திரும்பி வந்து கை கழுவி அத்தனையும் மாட்டணும். அதுக்குள்ள லைன்ல மாத்திரை அட்டை குவிஞ்சிடும். அதவிட, உங்ககிட்ட வந்து கேக்கணும்.”

“நான் எப்பவாச்சும் போகாதன்னு சொன்னனா?”

“சொல்லல. சுவத்துக் கடியாரத்தப் பாப்பீங்க. நக்கோ அக்கா, வேணாம். அந்தப் பார்வைக்குத் தாகமே தேவல.”

பாமா கேள்வித்தாளை மூடிவிட்டாள். அடுத்த ஷிப்டில் தன்னைத்தானே வேவு பார்த்தாள். ஒரு பெண் வந்து அனுமதி கேட்டாள். தலையாட்டுவதற்கு முன்பே பாமாவின் கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போய்விட்டிருந்தது. தனக்கே தெரியாமல் இதை எத்தனை காலமாகச் செய்கிறோம்? ஏன்? மணிக்கு மணி எத்தனை பெட்டி போயிற்று என்று மேனேஜர் அவள் பெயருக்கு நேரேதான் குறிக்கிறார். அவர் எதைப் பார்த்து நடுங்குகிறாரோ!

வழிகாட்டித் தாளின்படி இனி திருத்தம்தான். ஆனால் எதைத் திருத்துவது? கேள்வியே பிசகியிருந்தது. ‘இவர்களுக்கு என்ன தெரியாது?’ என்பதை அடித்துவிட்டு, ‘தெரிந்தும் குடிக்க முடியாதபடி தடுப்பது எது?’ என்று எழுதினாள். மேல்நோக்கி ஓர் அம்பு அந்தத் தாளில் இல்லை. அவளே பேனாவால் போட்டுக்கொண்டு, முதலிலிருந்து தொடங்கினாள்.

புதிய வரைவை வெங்கட்ரமணன் முழுவதும் படித்தார்.

“நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா சினாப்சிஸ்ல விழிப்புணர்வு குறைவுன்னு போட்டிருக்கே.”

“அது கேக்கதுக்கு முன்னாடி எழுதுனது சார்.”

“எல்லாரும் கேக்கறதுக்கு முன்னாடிதாம்மா எழுதறாங்க.”

“அப்ப எதுக்கு சார் போய்க் கேக்கணும்?”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “ஒப்புதல் வாங்கினதுக்கு மாறா இருந்தா திருப்பி அனுப்பிடுவாங்க. உன் பதிவும் முடியறது. கடைசி அத்தியாயத்துல நாலு வரி மாத்து, கையெழுத்துப் போட்டுடறேன்.”

நாலே வரிதான். அதை எழுதினால் தொழிற்சாலை தப்பிக்கும், மேனேஜர் தப்பிப்பார், பாமாவும் தப்பிப்பாள். சுமலதா மட்டும் ஒன்றும் தெரியாதவள் ஆகிவிடுவாள். ஏழைகள் அறியாமையால் துன்பப்படுகிறார்கள் என்று சொல்லிவிட்டால் போதும், கழிப்பறைக்கு வழிவிட வேண்டியதில்லை. ஒரு சுவரொட்டி ஒட்டினால் கடமை முடிந்தது. அலமாரி நிறைய இருந்த கட்டுரைகள் செய்தது அந்த உபகாரத்தைத்தான்.

“தலைப்பு மாறலயே சார். விழிப்புணர்வு இருக்கான்னு பாத்தேன். நெறையவே இருக்கு. இல்லன்னு எழுத மாட்டேன்.”

“சூப்பர்வைசர் கடிகாரத்தப் பாக்கறாங்கன்னு போட்டிருக்கியே, யாரு அது?”

“நாந்தான்.”

அவர் அந்தப் பக்கத்தை இன்னொரு முறை படித்தார். “உங்க கம்பெனில எவனாவது இதப் படிச்சா உனக்கு ஆபீசர் வேலை வருமா?”

“வராதுன்னுதான் நெனைக்கேன்.”

“சரி, போடறேன். மார்க் வரலைன்னா எங்கிட்ட வந்து அழாதே.” கையெழுத்துப் போட்டார்.

கட்டுரை திரும்பி வரவில்லை. ‘பொருள் சற்று விலகியுள்ளது’ என்ற குறிப்போடு, தேறுவதற்கு வேண்டிய அளவு மதிப்பெண் வந்தது. பட்டமும் வந்தது. ஆபீசர் பதவிக்கான விண்ணப்பத்தோடு கட்டுரையின் நகல் ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தாள் பாமா. மேனேஜர் இன்னும் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

இதற்கிடையில் அவளுக்கு வேறொரு கேள்வி பிடித்துக்கொண்டது. யாரும் யாரையும் கேட்காமல் போய்வந்தால் பெட்டிக் கணக்கு உண்மையிலேயே குறையுமா? குறையும் என்று மேனேஜர் சொல்வார், குறையாது என்று சுமலதா சொல்வாள். இரண்டு பேரும் பார்த்துச் சொன்னவர்கள் இல்லை. தானே பார்த்துவிடுவது என்று ஒரு நாள் ஷிப்டில் சுமலதாவிடம் போனாள் பாமா.

“சுமா, நகரு. போயிட்டு வா” என்றாள்.

“நான் கேக்கவே இல்லையே அக்கா?”

“அதான்.” பாமா கையுறையை மாட்டிக்கொண்டு லைனில் அவள் இடத்தில் போய் நின்றாள். அட்டைகள் வரத் தொடங்கின.