வலப்பக்கத்துப் பள்ளம்

கதவைத் திறப்பதற்கு முன் அதன் கைப்பிடியைக் கண்ணை மூடி ஒருமுறை தடவிப் பார்ப்பார். பின்னால் நாலு பேர் காத்து நிற்பது அவருக்குப் பொருட்டில்லை. அவர் கவலை வேறு. "இந்த எடத்துல ஒரு கூர் இருக்கு சார். ஈரக் கையோட யாராவது வேகமா பிடிச்சா கிழிச்சுடும். எவன் பாத்து பாஸ் பண்ணினானோ!" என்பார். பிறகு ஏதோ தானே பாஸ் பண்ணிவிட்டதைப்போல, நிற்கிற நாலு பேரிடமும் மன்னிப்புக் கேட்பார்.

வீட்டுச் சாமான்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் அவர் வடிவமைப்பாளர். இஸ்திரிப் பெட்டி, கெட்டில், மேசை விசிறி என்று மனிதக் கை படுகிற எதிலும் முனை என்ற ஒன்று இருக்கக்கூடாது என்பது அவர் கட்சி. அதனால் ஆபீசில் அவருக்கு 'முனைமழுக்கி' என்று பெயர். பெயர் வைத்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார், பெயர் நிலைத்துவிட்டது. அதே கம்பெனியில், சாமானோடு சேர்த்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற உபயோகக் குறிப்பை எழுதுகிறவன் நான். அவர் செய்வதை எல்லோரும் தொடுகிறார்கள். நான் எழுதுவதை எவரும் படிப்பதில்லை. எங்கள் சிநேகத்துக்கு அதுவே போதுமானதாக இருக்கிறது.

பயம்தான் அவருடைய மூலதனம். புது மாடல் கடைக்குப் போன அன்று அவர் கடைக்குள் போகமாட்டார். எதிர்ச்சாரியில் நின்றுகொண்டு கண்ணாடி வழியாகப் பார்ப்பார். யாராவது ஒருவர் அதைக் கையில் எடுத்துத் திரும்ப வைத்துவிட்டால் அன்று அவருக்குச் சாப்பாடு இறங்காது. வைத்தவர் விலையைப் பார்த்து வைத்திருக்கலாம் என்று நான் சொன்னால், "இல்ல சார், கை கூசிச்சு. நான் பாத்தேன்" என்பார். குடியிருக்கும் வாடகை வீட்டில் சமையல் மேடையின் மூலைகளை அரம் போட்டு ராவிவிட்டார். அவர் மனைவி ஒருநாள் என்னிடம் சொன்னார்: "ஹவுஸ் ஓனர் பாத்துடுவாரோன்னு எனக்கு பயம். யாராவது இடிச்சுப்பாங்களோன்னு இவருக்கு பயம். ரெண்டு பயமும் சேந்துதாங்க எங்க குடும்பம் ஓடுது."

புதுப் பொருள் பழைய பொருளுக்கு மரியாதை செய்ய வேண்டுமா என்பது எங்கள் ஆபீசில் தீராத வழக்கு. மரியாதை கண்ணுக்குத் தெரிய வேண்டும், தூரத்தில் நின்று பார்த்தாலே தாத்தா ஜாடை அடிக்க வேண்டும் என்பார் விளம்பரப் பிரிவுக்காரர். முனைமழுக்கிக்கு அந்தப் பேச்சே ஆகாது. "புள்ளைக்கு அப்பா மூக்கு வரலாம் சார். அப்பாவோட ஜலதோஷமும் சேந்து வரணுமா?" என்று கேட்பார். ஆனால் அவர் செய்த கெட்டிலின் மூடியில், கம்பெனி என்றோ நிறுத்திவிட்ட ஒரு கெட்டிலின் குமிழ் அப்படியே உட்கார்ந்திருக்கும். மேசை விசிறியின் பாதம் அதற்கு முந்தைய விசிறியின் பாதம். கேட்டால், "தற்செயல் சார்." தற்செயலுக்கு இத்தனை வேலை வைத்த ஆளை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

இப்படிப்பட்டவரிடம்தான் நிர்வாக இயக்குநரான மேடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்தார். கம்பெனி முதன்முதலில் செய்தது மரக் கைப்பிடி வைத்த ஒரு மின் இஸ்திரிப் பெட்டி. அதை நினைவூட்டும்படி ஒரு புது மாடல் வரவேண்டும். "மொத பெட்டிக்கு நாம ஒரு மரியாத செய்யணும். பாத்தவுடனே அது தெரியணும்" என்றார் மேடம். ஒரே ஒரு சங்கடம். அந்த முதல் பெட்டி எங்களிடம் ஒன்றுகூட இல்லை. வரைபடமும் இல்லை. கட்டடம் மாறியபோது பழைய சாமான் என்று எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிட்டார்கள். மூதாதையருக்கு மரியாதை செய்யப் புறப்பட்ட கம்பெனிக்கு மூதாதையரின் முகம் தெரியவில்லை.

முனைமழுக்கிக்குத் தெரிந்திருந்தது. அவருடைய அக்கா, வீட்டின் முன்னறையில் துணி பிரித்துத் தைத்துக் கொடுக்கும் கடை நடத்துகிறார். கல்யாணமான நாளிலிருந்து அவர் கையில் இருப்பது அந்தப் பெட்டிதான். அதைக் கெஞ்சி வாங்கி வந்தார். அங்குலம் அங்குலமாக ஒளி பாய்ச்சி உருவத்தைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றுகிற கருவியின்கீழ் வைத்தார். திரையில் கைப்பிடி எழுந்து வந்தது. அதன் வலப்பக்கத்தில், நடுவுக்குச் சற்று முன்னால், நீள்வட்டமாக ஒரு பள்ளம்.

அன்று என் மேசைக்கு ஓடிவந்த முனைமழுக்கியை நான் அதற்கு முன் அப்படிப் பார்த்ததில்லை. முகத்தில் பயமே இல்லை. "வந்து பிடிச்சுப் பாருங்க சார். கண்ண மூடிக்கோங்க. ஆள்காட்டி விரல் தானா எங்க போய் உக்காருது? பாத்தீங்களா? திருப்பத்துல பெட்டிய ஓட்டறதே அந்த விரல்தான். அந்தக் காலத்துலயே மனுஷன் என்னமா யோசிச்சிருக்கான்!"

பிடித்துப் பார்த்தேன். விரல் உட்காரத்தான் செய்தது. கை பட்ட இடமெல்லாம் தனக்காகவே செய்யப்பட்டது என்று எண்ணுவது வலக்கைக்காரர்களின் பிறவிக் குணம். நானும் வலக்கைக்காரன்.

அந்தப் பள்ளம் புது மாடலின் உயிராயிற்று. ஒரு பக்கம் மட்டும் பள்ளம் வைத்தால் அச்சு செய்வது சிரமம் என்றார் உற்பத்திப் பிரிவுக்காரர். குரலை உயர்த்திப் பேசியறியாத நம்மவர் மேசையைத் தட்டினார். "அந்தப் பள்ளம் இல்லேன்னா அது மொத பெட்டியே இல்ல!" தட்டிய இடத்தில் தண்ணீர் சிந்தியதற்கு உடனே மன்னிப்புக் கேட்டார் என்றாலும், வாதத்தில் ஜெயித்துவிட்டார். மாதிரியைப் பிடித்துப் பார்த்த இல்லத்தரசிகள், மாணவர்கள், விடுதிச் சலவைக்காரர்கள் எல்லோரும் சுகமாக இருக்கிறது என்றார்கள். ஜலதோஷத்தைப் பற்றி அவர் பேசுவதே நின்றுபோயிற்று.

எஃகில் அச்சு வெட்டுவதற்கான உத்தரவுக்கு அவர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. வெட்டிவிட்டால் வெட்டினதுதான். அதற்கு முன் மேடம் ஒரு யோசனை சொன்னார். முதல் பெட்டியை வரைந்தவர் ஓய்வு பெற்று, மகள் வீட்டில் இருக்கிறாராம். அவரை அழைத்து, மாதிரியை அவர் கையில் கொடுத்து, அவர் வாயால் ஒரு வார்த்தை வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்கலாம்.

அவர் வருவதற்கு முந்தின நாள், முனைமழுக்கி என்னை மாடிப்படி வளைவுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"சார், அது பள்ளம் இல்ல."

"பின்னே?"

"தேய்மானம்."

பழைய பெட்டியைத் திருப்பிக் கொடுக்க அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறார். அக்கா இரவல் பெட்டி ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு பாவாடையைத் தேய்த்துக்கொண்டிருந்தாராம். இவர் வாசலிலேயே நின்றுவிட்டார். அங்கே நடந்ததை அக்காவின் குரலிலேயே எனக்குச் சொல்லிக் காட்டினார்.

"என்னடா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? பொட்டிய உள்ள கொண்டு வா. இந்த எரவல் சனியன் கைக்கே அடங்க மாட்டேங்குது."

"அக்கா, நீ எந்தக் கையில தேய்க்கிற?"

"ஏன், பொறந்ததுலேருந்து எந்தக் கையில தேய்ச்சேன்? இதுலதான்."

இடக்கை. இவர் கொண்டுபோன பெட்டியை வாங்கி அக்கா அதே கையில் பிடித்தார். கட்டைவிரல் வலப்பக்கமாக வளைந்து போய்ப் பள்ளத்தில் படுத்துக்கொண்டது, தன் பாயில் படுத்துக்கொள்வதுபோல. சின்ன வயதில் ஒரே தட்டில் சாப்பிட்ட அக்கா. உலகத்தில் இருக்கிற கைப்பிடிகளையெல்லாம் தடவிப் பார்க்கிறவருக்கு, கூடப் பிறந்தவள் எந்தக் கைக்காரி என்பது அந்த நிமிஷம்தான் நினைவுக்கு வந்திருக்கிறது.

விஷயத்தைச் சொன்னதும் அக்கா விழுந்து விழுந்து சிரித்தாராம். "என் கட்டவிரலுக்கா இத்தன பேர் கோட்டு போட்டுக்கிட்டு மீட்டிங் நடத்தினீங்க? பீச்சாங்கைன்னு அம்மா என் கைய முதுகுக்குப் பின்னால கட்டிவெச்சு சோறு போடும், ஞாபகம் இருக்கா? இப்ப ஊருக்கெல்லாம் பீச்சாங்கைப் பொட்டியா? நல்லா வேணும்!" சிரிப்பு அடங்கிய பிறகு பள்ளத்தைத் தடவிக்கொண்டே கேட்டாராம்: "இத எடுத்துடுவீங்களாடா?"

இதைச் சொல்லி முடித்துவிட்டு மாடிப்படியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டு நின்றார்.

"நாளைக்கு அந்தப் பெரியவர் வராரு சார். கையில வாங்கின மாத்திரத்துல, 'இது என்னுது இல்லையே'ன்னு சொல்லிடுவாரு. எல்லார் முன்னாலயும். வரைஞ்சவனுக்குத் தெரியாதா? அதுக்கு முன்னால நானே சொல்லிடணும். சொன்னா என் வேல போகும். பரவால்லன்னு வெச்சுக்குவோம். பள்ளத்த எடுத்துடுவாங்க. அக்காவுக்கு என்னன்னு போய்ச் சொல்வேன்?"

"பிடித்துப் பார்த்த எல்லோருக்கும் சுகமாகத்தானே இருந்தது?" என்றேன்.

"அதான் சார் இன்னும் பயமா இருக்கு. தப்பு தப்பா இருந்தா சமாளிக்கலாம். தப்பு சரியா இருந்தா என்ன பண்றது?"

மறுநாள் காலை, கூட்டத்தில் தான் ஒரு விஷயம் சொல்லவேண்டும் என்று மேடத்திடம் முன்கூட்டியே சொல்லி வைத்தார். பின்வாங்க முடியாதபடி தன்னைத்தானே கட்டிப்போடும் உபாயம். கூட்ட அறையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். மேசைக்கடியில் அவர் முழங்கால் ஆடியது. என் தண்ணீர்க் குவளையில் வட்டம் வட்டமாக அலை எழும்பியது.

பெரியவர் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். கஞ்சி போட்ட சட்டை, புதிதாக மழித்த முகம். தன்னை ஒரு கம்பெனி மறுபடியும் கூப்பிட்டிருக்கிறது என்பது உடம்பு முழுக்கத் தெரிந்தது. "நேத்து ராத்திரி தூங்கவே இல்லைங்க, எப்ப விடியும்னு உக்காந்திருந்தார்" என்றார் மகள். "சும்மா இரு" என்றார் பெரியவர்.

மேடம் மாதிரியை அவரிடம் நீட்டினார். பெரியவர் வலக்கையால் பிடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். ஆள்காட்டி விரல் பள்ளத்தில் இறங்கியது. நெற்றி சுருங்கியது. பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்த முழங்கால் நின்றுவிட்டது. முனைமழுக்கி நாற்காலியின் நுனிக்கு வந்து, "மேடம்..." என்று வாயெடுத்தார்.

"இந்த எடம்!" என்றார் பெரியவர். "இந்தப் பள்ளத்துக்காக நான் பட்ட பாடு! அப்ப இருந்தவங்க ஒருத்தருக்கும் புரியல. ஒத்த ஆளா நின்னு சண்ட போட்டேன். இதக் கண்டுபிடிக்க இத்தன வருஷம் கழிச்சு ஒருத்தன் வர வேண்டியிருந்துது பாரு!"

கைதட்டல். விளம்பரப் பிரிவுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் எதற்கும் துடைத்துக்கொள்வார். மகள் அப்பாவைப் பார்த்த பார்வையில், வீட்டில் வெகுநாளாக அவரைக் கவனிக்காமல் விட்டுவிட்டோமோ என்ற சந்தேகம் இருந்தது. அவர் பொய் சொன்னாரா, நம்பித்தான் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. புகழ் தானாக மடியில் வந்து விழும்போது ஞாபகம் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுக்கும்.

"நீங்க ஏதோ சொல்லணும்னீங்களே?" என்று மேடம் இவர் பக்கம் திரும்பினார்.

எல்லோரும் பார்த்தார்கள். முனைமழுக்கி எழுந்தார்.

"ஒண்ணுமில்ல மேடம். பள்ளத்த... இடப்பக்கமும் ஒண்ணு வெச்சா என்னன்னு... ரெண்டு கைக்கும்..."

"கூடாது!" பெரியவர் கையை ஓங்கிவிட்டார். "ஒரு பக்கம்தான். நான் யோசிச்சுத்தான் ஒரு பக்கம் வெச்சேன். பழசுக்கு மரியாத செய்யறேன்னு கூப்பிட்டுட்டு, பழசயே திருத்தறதா?"

அறை சிரித்தது. முனைமழுக்கியும் சிரித்தார். உண்மை ஒரே ஒரு வாக்கியம்தான், வாயில் தயாராக இருந்தது. ஆனால் அதற்கு நாலா பக்கமும் முனை. எந்தப் பக்கம் திருப்பினாலும் பெரியவரைக் கீறும். பெரியவரைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். அச்சு வெட்டும் உத்தரவு மேசைமேல் நகர்ந்து வந்தது. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். எழுத்துக்கள் அவருடையவைபோல இல்லை.

போட்டோகிராபர் முன்னால் வந்தார். "ஐயா, பெட்டிய கொஞ்சம் தூக்கிப் பிடிங்க. கட்டவிரல அந்தப் பள்ளத்துல வெச்ச மாதிரி ஒண்ணு."

பெரியவர் வலக்கையால் தூக்கினார். கட்டைவிரல் கைப்பிடியின் இடப்பக்கம் போயிற்று. அங்கே வழவழவென்று இருந்தது. விரல் சற்று முன்னால் போய்ப் பார்த்தது. பின்னால் வந்து பார்த்தது. உதட்டில் சிரிப்பு அப்படியே இருந்தது. கண்ணில் மட்டும், தன் வீட்டு அறையில் விளக்கு சுவிட்சைத் தேடுகிறவனின் கலக்கம். "அந்தப் பக்கம் இல்லைங்கய்யா..." என்று போட்டோகிராபர் ஆரம்பித்தார். மேடம் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு முன்னால் குனிந்தார்.

அதற்குள் முனைமழுக்கி மேசையைச் சுற்றிக்கொண்டு அங்கே போய்விட்டார்.

"வெளிச்சம் அந்தப் பக்கம் விழுதுங்கய்யா. கைய மாத்திப் பிடிச்சா படம் நல்லா வரும்" என்று சொல்லிக்கொண்டே பெட்டியை வாங்கி, பெரியவரின் இடக்கையில் கொடுத்தார். அந்தக் கட்டைவிரலை மெதுவாக எடுத்து வளைத்துப் பள்ளத்தில் படுக்கவைத்தார். அது அங்கேயே நிற்கும்வரை தன் உள்ளங்கையால் ஒரு கணம் பொத்திப் பிடித்திருந்துவிட்டு, படத்தில் விழாத தூரத்துக்கு விலகி நின்றார்.