போனில் கேட்காத கேதம்

அப்பா இறந்த மறுநாள் பேச்சாயி அத்தைக்கு நான்தான் போன் போட்டேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். "வர வேணாம் அத்தை, எங்க மூணு பேருக்கும் கொரோனா இருக்கு. எல்லாரும் போன்லயே விசாரிச்சுட்டாங்க, நீங்களும் ரெண்டு வார்த்தை கேட்டுட்டா போதும்" என்றேன்.

"ஏலே பாண்டியராசு, கேதம் என்ன கரண்டு பில்லாலே, போன்லயே கட்டுறதுக்கு? வைலே போனை!"

நான் வைப்பதற்குள் அவளே வைத்துவிட்டாள். அடுப்படியில் நின்ற அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. அப்பனைப் பறிகொடுத்தவனிடம் பேசுகிற பேச்சா இது?

சாவு வீட்டுக்குப் போய்த் துக்கம் விசாரிப்பதை எங்கள் பக்கம் கேதம் கேட்பது என்பார்கள். பெண்கள் கூந்தலை அவிழ்த்துப் போட்டு, தெருமுனையிலேயே குரல் எடுத்து, வந்ததும் வீட்டுக்காரியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து அழ வேண்டும். 'நல்லதுக்குப் போகாட்டியும் கெட்டதுக்குப் போகணும்' என்பது எங்கள் ஊர்ச் சட்டம். அந்தச் சட்டத்தை ஒருநாளும் மீறாதவள் பேச்சாயி அத்தை. அப்பாவின் சித்தப்பா மகள். அகரத்துக்குப் பக்கத்தில் வீட்டுக்காரர் பொம்மையனோடு குத்தகைக்குக் கத்தரியும் வெண்டையும் போடுகிறவள். ஆள் நாலரை அடிதான், குரல் நாலு வயலுக்குக் கேட்கும். ஒருமுறை கால் பிசகிக் கட்டுப் போட்டிருந்தபோது, டெம்போவில் வெண்டைக்காய் மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டு நிலக்கோட்டைக்குக் கேதத்துக்குப் போனாள். "எமனுக்கு முந்தி பேச்சாயிக்குத் தகவல் போயிரும்" என்று அப்பாவே கேலி செய்வார்.

அப்பா நல்லுசாமி இரண்டாம் அலையில் போனார். ஆஸ்பத்திரியில் ஒன்பதாம் நாள். நானும் என் மனைவி பவித்ராவும் அம்மாவும் நாகல்நகர் வீட்டில் காய்ச்சலோடு கிடந்தோம். யாரும் வந்து போகாதபடி வாசலில் தகரம் அடித்திருந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து அவரை நேராக மயானத்துக்குக் கொண்டு போய்விட்டார்கள். நாங்கள் யாரும் முகம் பார்க்கவில்லை. நான் உடனே சொந்தக்காரர்களின் வாட்ஸப் குரூப்பில் எழுதிவிட்டேன்: 'யாரும் நேரில் வர வேண்டாம். போனில் விசாரித்தால் போதும்.' பொறுப்பான பிள்ளை என்று பெயர் வேறு கிடைத்தது. நாற்பது போனுக்கு மேல் வந்திருக்கும். எல்லாவற்றுக்கும் நானே பதில் சொன்னேன். அம்மாவிடம் நீட்டினால், "நீயே பேசுப்பா" என்பாள்.

அஞ்சாம் நாள்தான் கவனித்தேன். அம்மா அப்பாவுக்குக் காப்பி ஊற்றி மூடி வைத்திருந்தாள்.

"அம்மா, அப்பா போயிட்டாரும்மா."

"யாரு சொன்னா?"

"ஆஸ்பத்திரியில சொன்னாங்கல்ல."

"செத்திருந்தா கேதத்துக்கு ஆளு வந்திருக்கும்லப்பா?" என்றாள். அழவில்லை, பதறவில்லை. கடைக்குப் போன மனுசனைப் பற்றிப் பேசுவது போலப் பேசினாள். "உடம்பு தேறி வருவாரு. வந்ததும் நானும் சாப்பிடுறேன்."

அன்றிலிருந்து அவள் சாப்பாடு இரண்டு வாய் கஞ்சி என்று ஆனது. ராத்திரித் தூக்கமும் போனது. வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அப்பாவை விட்டாயிற்று, அம்மாவையும் கண்ணெதிரே விடப்போகிறேனோ என்று பயந்தேன். மனநல டாக்டர் ஒருவரைப் போனில் பிடித்தேன். "அவங்க இன்னும் அழல. அவங்களோட அழுறதுக்கு அவங்க ஆளுங்க வரணும். தனிமை நாள் முடிஞ்சதும் வரச் சொல்லுங்க" என்றார்.

பதினாலாம் நாள் சாயங்காலம் தகரத்தை எடுத்தார்கள். மறுநாள் விடிந்ததும் மலைச்சாமி சித்தப்பாவுக்குப் போன் செய்து, சித்தியை அழைத்துக்கொண்டு வரச் சொன்னேன்.

"நாந்தான் அன்னைக்கே போன்ல கேட்டுட்டேனே அப்பு. சித்தியும் கேட்டுட்டா. ஒரு சாவுக்கு ரெண்டு தரம் கேதம் கேக்கக் கூடாதுப்பா. இன்னொண்ணக் கூப்புட்ட மாதிரி ஆயிரும்."

இன்னும் நாலு பேரைக் கேட்டேன். நாலு பேரும் அதே பதிலை நாலு விதமாகச் சொன்னார்கள். யாரையும் குறை சொல்ல வாயில்லை. போனில் கேட்டதைக் கேதம் என்று ஒப்புக்கொண்டவன் நான்தானே? அம்மாவுக்கு வரவேண்டிய அத்தனை பேரின் அழுகையையும் நானே வாங்கி, 'சரிங்க, சரிங்க' என்று சொல்லி முடித்து வைத்திருக்கிறேன். படித்த முட்டாள் என்று சும்மாவா சொல்கிறார்கள்.

போனில் கேட்காதவர்கள் யாராவது மிச்சமா என்று யோசித்தேன். ஒரே ஒரு ஆள்தான் மிச்சம். ரோசத்தை மென்று விழுங்கிவிட்டு நம்பரைப் போட்டேன். பொம்மையன் மாமா எடுத்தார்.

"அவ விடியக்காலையிலேயே கெளம்பிட்டாளேப்பா. எப்படா தகரத்தை எடுப்பாகன்னு பதினாலு நாளா வெரலு விட்டு எண்ணிக்கிட்டுல்ல இருந்தா."

"பஸ் ஓடலையே மாமா?"

"பஸ்ஸு ஏது? பத்து கிலோமீட்டரும் நடைதான்."

போனை வைத்துச் செத்த நேரத்தில் தெருமுனையில் அந்தக் குரல் கேட்டது.

"எங்கண்ணே... தகரத்த வச்சு அடச்சாகளே... உன்னத் தன்னந்தனியா அனுப்புனாகளே..."

அம்மா ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது. நான் வாசலுக்கு ஓடினேன். தலைவிரி கோலமாக, முகத்தில் மாஸ்க்கோடு, புழுதிக் காலோடு அத்தை வந்துகொண்டிருந்தாள். தெருவில் ஒவ்வொரு வாசலாகப் பெண்கள் வந்து நின்றார்கள்.

"அத்தை, கொஞ்சம் தள்ளி நின்னு..." என்றேன். திருந்தாத ஜென்மம் நான்.

"உங்களுக்கு வந்து போயிருச்சு. நான் ரெண்டு ஊசியும் போட்டுட்டேன். மூக்கையும் மூடியிருக்கேன். இன்னும் என்னலே வேணும்? விலகு!"

அம்மா புளிக் கையோடு வாசலில் வந்து நின்றாள். அத்தையின் அவிழ்ந்த கூந்தலைத்தான் வெறித்துப் பார்த்தாள்.

"நெசமாவே போயிட்டாரா பேச்சி?"

"போயிட்டாரு மதினி. எங்கண்ணன் போயிட்டாரு."

அத்தை அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அம்மாவிடமிருந்து முதலில் சத்தமே வரவில்லை. பிறகு வந்தது. அப்படி ஒரு சத்தம் அம்மாவுக்குள் இருந்தது எனக்குத் தெரியாது. எதிர்வீட்டு வாசலில் நின்ற பெண்களும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். பதினைந்து நாளாக எல்லாவற்றையும் சமாளித்த பொறுப்பான பிள்ளை நான், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதேன். அன்றும் அம்மா அப்பாவுக்கு மூடி வைத்திருந்த காப்பியைப் பவித்ரா எடுத்துப் போய்க் கொட்டினாள்.

ஓய்ந்த பிறகு அத்தைக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தேன். "இம்புட்டு வெயில்ல நடந்து வரணுமா அத்தை?"

மாஸ்க்கை இறக்கி மடக் மடக்கென்று குடித்தாள். "எம் மூத்த புள்ள மூணு வயசுல காய்ச்சல்ல போனப்ப, வேத்தாளக் கட்டிக்கிட்டுப் போனவன்னு நம்ம ஆளுக ஒரு ஈ காக்கா வரலப்பா. உங்கப்பனும் வரல. இந்தா இருக்காளே, இவ ஒருத்திதான் தலைய அவுத்துப் போட்டுக்கிட்டு ஒத்தையில வந்தா. வரலைன்னா அன்னைக்கு நான் கெணத்துல கெடந்திருப்பேன். நடக்குறது ஒரு பாடாலே?"

இத்தனை வருடத்தில் அம்மா என்னிடம் இதைச் சொன்னதில்லை.

மத்தியானம் அம்மா குளித்துவிட்டு வந்து, அத்தை பிசைந்து கொடுத்த ரசஞ்சோற்றை ஒரு தட்டு முழுக்கச் சாப்பிட்டாள். இடையிடையே அழுதாள், அழுதுகொண்டே சாப்பிட்டாள். பிறகு தரையிலேயே படுத்து இரண்டு மணி நேரம் தூங்கினாள். எழுந்ததும் என்னைக் கூப்பிட்டாள்.

"கடைசி வீட்டு அருள்நாதன் சாரும் போயிட்டாருன்னு சொன்னியேப்பா. அவரு சம்சாரம் இஞ்ஞாசியம்மாளுக்கு யாரும் கேதத்துக்குப் போனாகளா?"

"அவங்க வீட்டுத் தகரத்தையும் நேத்துதான் எடுத்தாங்க. நான் அன்னைக்கே போன்ல கேட்டுட்டேன்மா."

"அது கரண்டு பில்லு" என்றாள் அம்மா.

மாஸ்க்கை எடுத்துக் காதில் மாட்டினாள். அத்தை ஏற்கெனவே வாசலில் நின்றாள். இருவரும் தெருவில் இறங்கினார்கள். அம்மா நடை தள்ளாடத்தான் செய்தது, ஆனால் அத்தை கை கொடுத்ததை வாங்கவில்லை. கடைசி வீட்டுக்கு நாலு வீடு இருக்கும்போதே கொண்டையை அவிழ்த்தாள்.