யார் கைக்கு இந்தச் சாவி

பாதிச் சாவி என் கையோடு வந்துவிட்டது. மீதி, காரின் இக்னிஷனுக்குள்ளேயே நின்றுவிட்டது.

தூத்துக்குடி ஹார்பர் ரோட்டில் நான் கார் சாவிக் கடை வைத்திருக்கிறேன். அன்று வந்தவர் சண்முகக்கனி, ஆழ்வார்திருநகரியில் வாழை இலை வியாபாரம் செய்யும் அம்மா. பழைய காராக வாங்கியதால் ஒரே சாவிதான் கிடைத்ததாம். இன்னொன்று கேட்டதற்கு சர்வீஸ் சென்டரில் லாக் செட்டையே மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். அந்த வண்டிக்கு அவ்வளவு செலவு கட்டாது. குறைந்த செலவில் செய்துவிடலாம் என்று சொல்லி, ஆர்.சி. புக்கைப் பார்த்துவிட்டுச் சாவியைப் போட்டுத் திருப்பினேன். தேய்ந்து மெலிந்திருந்த சாவி முறிந்துவிட்டது.

"என்ன அண்ணாச்சி, இருந்த ஒண்ணும் போச்சா?" என்றார்.

"பயப்படாதீங்கம்மா. வண்டி ஸ்டார்ட் ஆவணும்னா இந்தச் சாவித் தலைக்குள்ள இருக்க சிப்புதான் முக்கியம். அதுக்கு ஒண்ணும் ஆவல."

மெல்லிய கொக்கியை விட்டு உள்ளே இருந்த துண்டை எடுத்தேன். இரண்டு துண்டையும் சேர்த்துவைத்து நகல் வெட்டலாம். ஆனால் தேய்ந்த சாவியைப் பார்த்து வெட்டினால் தேய்மானமும் சேர்ந்தே வரும். அதனால் இடப்பக்கக் கதவின் லாக்கைக் கழற்றினேன். அங்கே யாரும் சாவி போடுவதில்லை; உள்ளே சாவியின் வெட்டோடு பொருந்தும் தகடுகள் புதிதாகவே இருந்தன. அவற்றின் உயரத்துக்கு இரண்டு சாவிகள் வெட்டினேன். பழைய சிப்பை ஒன்றில் வைத்து, அதைக் காப்பி செய்த புது சிப்பை மற்றதில் வைத்தேன். ரிமோட் பட்டன் வேண்டாம் என்றதால் செலவு இன்னும் குறைந்தது. இரண்டிலுமே இன்ஜின் பிடித்தது.

வேலை முடிந்தது என்று நினைத்தேன். சண்முகக்கனி ஒரு சாவியை, காருக்குள் உட்கார்ந்திருந்த கணவர் இசக்கிமுத்துவிடம் நீட்டினார். பக்கவாதம் வந்து தேறியவர். ஒரு வருடமாக ஸ்டியரிங்கைத் தொடவில்லை.

"எனக்கு எதுக்கு ஏளா சாவி? நீதான ஓட்டுத."

"டாக்டரு ஓட்டலாம்னுட்டாருல்லா. இது உங்க சாவி."

அவர் தயங்கித் தயங்கி டிரைவர் சீட்டுக்கு மாறினார். சாவியைப் போட்டுத் திருப்பினார். விரல் வழுக்கியது. மறுபடியும் வழுக்கியது. சாவியை மடியில் போட்டுவிட்டு, "நான்தான் சொன்னேம்லா" என்று ரோட்டைப் பார்த்தார்.

"ஸ்டியரிங்கெல்லாம் நல்லா பிடிப்பாரு அண்ணாச்சி. சின்னதா இருந்தாத்தான் விரல்ல நிக்க மாட்டேங்கு" என்றார் சண்முகக்கனி, மெதுவாக.

நான் அந்தச் சாவியைத் திரும்ப வாங்கினேன். கழித்துப்போட்ட சாவிகள் கிடந்த டப்பாவைக் கொட்டி, அகலமான தலை ஒன்றைத் தேடி எடுத்தேன். கொஞ்சம் ராவி, வெட்டிய சாவியின் அலகையும் சிப்பையும் அதில் பொருத்தினேன். கட்டைவிரல் முழுதாகப் படியும் அளவு இருந்தது.

"இப்பப் பாருங்க அண்ணாச்சி."

ஒரே திருப்பில் இன்ஜின் பிடித்தது. அவர் அதை அணைக்கவில்லை. ஸ்டியரிங்கில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, "ஏளா, ஏறு" என்றார்.

"ஊர் வரைக்கும் நீங்களே ஓட்டுவியளா?"

"மொதல்ல, பக்கத்துல முத்தையாபுரம் வரைக்கும் பாப்போம்."

சண்முகக்கனி சுற்றிப் போய் இடப்பக்கம் ஏறினார். ரோட்டில் லாரிகளுக்கு வழிவிட்டு, அவசரப்படாமல் வண்டி திரும்பியது.

அதுவரை ஸ்பேர் சாவி கேட்டு வருகிறவர்களிடம் என்ன கார், எந்த மாடல் என்று மட்டும்தான் கேட்பேன். இப்போது, யார் கைக்கு என்பதையும் கேட்டுவிட்டுத்தான் மெஷினைப் போடுகிறேன். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களும் கேளுங்கள்.